வராத காய்ச்சலும் போட்ட ஊசியும்

ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றிருந்தோம். எழுபது வயதைக் கடந்த தாய் ஒருவர் நம்மை அணுகினார். "தம்பி, நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர்கள். நாலும் தெரிந்திருக்கும். டாக்டர் என்னை ஃபுளூ ஊசி போட்டுக்கொள்ளச் சொல்கிறார். இவன் வேண்டவே வேண்டாம் என்கிறான். நான் யார் பேச்சைக் கேட்பது?" என்று வினவினார்.

அருகில் நின்ற அவர் மகன் விட்டுக்கொடுக்கவில்லை. "சளிக்காய்ச்சலுக்குப் போய் யாராவது ஊசி போடுவார்களா? சுக்குக் கஷாயம் குடித்தால் மூன்றாம் நாள் தீர்ந்துவிடும். அந்த ஊசியைப் போட்டுக் கைகால் விழுந்தவர்கள் அமெரிக்காவில் எத்தனை பேர் தெரியுமா? கைப்பேசியில் படமே வந்தது" என்றார்.

அந்தத் தாய்க்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. மகன் சொன்னதில் இரண்டு செய்திகள் அடங்கியிருந்தன. காய்ச்சல் அற்பமானது என்பது ஒன்று. ஊசி ஆபத்தானது என்பது மற்றொன்று. முதலாவது தவறு என்று நாம் அறிவோம். இரண்டாவதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் அப்படியொன்று நடந்தது உண்மை. ஆண்டு 1976. என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தத் தாய்க்குப் பதில் சொல்வது நேர்மையாகாது. ஆகவே அடுத்த வாரம் சொல்வதாகக் கூறி விடைபெற்றோம்.

பெயரில் வந்த குழப்பம்

நம் பேச்சு வழக்கில் மூக்கொழுகினாலும் சளிக்காய்ச்சல். உடம்பு அனலாய்க் கொதித்து எலும்பெல்லாம் நொறுங்குவதுபோல் வலித்துப் படுக்கையில் சாய்ந்தாலும் சளிக்காய்ச்சல். இன்ஃபுளூயன்சா என்னும் ஃபுளூக் காய்ச்சலுக்கென்று தனிப் பெயர் வைத்து நாம் வழங்காததால், தீங்கற்ற ஜலதோஷத்தின் பெயருக்குள் அது ஒளிந்துகொள்கிறது. ஆங்கிலம் பேசும் மக்களின் நிலையும் இதில் மேலானதன்று. தும்மல் வந்தாலே தமக்கு ஃபுளூ என்பார்கள் அவர்கள்.

ஒளிந்துகொள்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஃபுளூ கிருமி பெரும்பாலும் நேரே கொல்வதில்லை. மூச்சுக்குழலின் உட்சவ்வை அது அரித்துவிடுகிறது. அந்த வழியே வேறு கிருமிகள் புகுந்து நிமோனியா உண்டாகிறது. ஏற்கெனவே நலிந்த இருதயம் காய்ச்சலின் சுமையைத் தாங்காமல் நின்றுபோவதும் உண்டு. இறப்புச் சான்றிதழில் நிமோனியா என்றோ மாரடைப்பு என்றோ எழுதப்படுகிறது. ஃபுளூவின் பெயர் அங்கே இடம்பெறுவது அரிது. உலகெங்கும் ஆண்டுதோறும் இக்காய்ச்சலால் மூச்சுறுப்புகள் பழுதாகி இறப்போர் 2,90,000 முதல் 6,50,000 வரை இருப்பர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

1918-ஆம் ஆண்டில் வந்த பெருங்கொள்ளையில் இக்காய்ச்சல் உலகில் இரண்டு கோடியிலிருந்து ஐந்து கோடி வரை மக்களை வாரிச் சென்றது என்பர். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மிகுதியானோர் மாண்டனர். பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி, ரெயில் பாதை சென்ற இடமெல்லாம் அது சென்றது. இத்தனை பெரிய சாவு நம் குடும்பக் கதைகளில் இவ்வளவு குறைவாக இடம்பெற்றிருப்பது நமக்கு என்றுமே வியப்பளிப்பது. பிளேக்கை நினைவில் வைத்த பாட்டிமார்கள் உண்டு. காலராவுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிய கதைகள் உண்டு. ஃபுளூவை மட்டும் மறந்தோம்.

அமெரிக்க நிபுணர்கள் மறக்கவில்லை. அவர்கள் நாட்டிலும் 1918-இல் ஏறத்தாழ 6,75,000 பேர் இறந்திருந்தனர். அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த நினைவைக் கருத்தில் வைக்க வேண்டும்.

ஒரு முகாம், ஒரு சாவு

1976 ஜனவரியில், நியூஜெர்சி மாநிலத்து ஃபோர்ட் டிக்ஸ் என்னும் படைப்பயிற்சி முகாமில் கிறிஸ்துமஸ் விடுமுறை கழித்துத் திரும்பிய இளைஞர்களிடையே காய்ச்சல் பரவிற்று. இருபது வயதுகூட நிரம்பாத வீரர் ஒருவர், படுக்கையில் இருக்க வேண்டிய நிலையில், இரவு நடைப்பயிற்சியில் கலந்துகொண்டு தளர்ந்து விழுந்தார். பிப்ரவரி 4-ஆம் நாள் அவர் இறந்தார். அவரிடமிருந்தும் தோழர் சிலரிடமிருந்தும் எடுத்த கிருமி, அந்த ஆண்டு வழக்கமாகப் பரவிய கிருமியாக இல்லை. பன்றிகளிடம் காணப்படும் இனத்தைச் சேர்ந்ததாக இருந்தது. 1918-இல் உலகை அழித்ததும் அதே குடும்பத்துக் கிருமியே என்று அக்காலத்து அறிஞர் கருதினர். இரத்தப் பரிசோதனை செய்து பார்த்ததில், அந்த முகாமில் இருநூறுக்கும் மேற்பட்டோர் அதற்கு ஆளாகியிருந்தது தெரிந்தது.

அட்லாண்டாவிலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தலைவர் டாக்டர் டேவிட் சென்சர் இக்கட்டில் அகப்பட்டார். ஊசியைக் கோழி முட்டையில் வளர்த்துத்தான் செய்ய வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். குளிர்காலத்துக்குள் தயாராக வேண்டுமானால் வசந்தத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும். கொள்ளைநோய் வந்தபின் ஊசிக்கு ஓடுவதில் பொருளில்லை. நாட்டு மக்கள் அனைவருக்கும் ஊசி போட வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். போலியோத் தடுப்பு மருந்தால் புகழ்பெற்ற ஜோனாஸ் சால்க், ஆல்பர்ட் சேபின் ஆகிய இருவரையும் உடன் வைத்துக்கொண்டு, மார்ச் 24-ஆம் நாள் ஜனாதிபதி ஃபோர்டு அத்திட்டத்தை அறிவித்தார். 13.5 கோடி டாலர் கேட்டார், பாராளுமன்றமும் வழங்கிற்று. அது தேர்தல் ஆண்டு என்பதையும் வாசகர்கள் நினைவில் கொள்ளலாம்.

சென்சரின் நிலையில் இருந்திருந்தால் நாம் வேறு என்ன செய்திருப்போம் என்று பலமுறை எண்ணிப் பார்த்தோம். குறை, முடிவெடுத்ததில் இல்லை என்றே நமக்குப் படுகிறது. மக்களிடம் அதைச் சொன்ன விதத்தில் இருந்தது. இக்கிருமி கொள்ளைநோயாக மாறும் வாய்ப்புக் குறைவு என்றே நிபுணர் பலரும் தம் மனத்துள் மதிப்பிட்டிருந்தனர். அந்த மதிப்பீடு மக்களின் காதை எட்டவில்லை. 1918 திரும்பி வருகிறது என்னும் அச்சமே எட்டிற்று. தொலைக்காட்சி விளம்பரங்கள் காய்ச்சல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவிச் சென்று இறுதியில் ஒருவரைக் கொல்வதாகக் காட்டின. கோடை வந்தது, ஃபோர்ட் டிக்ஸுக்கு வெளியே அக்கிருமி எங்கும் பரவவில்லை. திட்டத்தை ஆதரித்த சேபினே மனம் மாறி, ஊசியைச் செய்து வைத்துக்கொண்டு காத்திருக்கலாம் என்றார். பிற நாடுகள் காத்திருக்கவே செய்தன. அமெரிக்காவில் திட்டம் நின்றபாடில்லை.

கம்பெனிகள் பின்வாங்கின

அடுத்த தடை எதிர்பாராத திக்கிலிருந்து வந்தது. ஊசியால் யாருக்கேனும் தீங்கு நேர்ந்து வழக்குத் தொடுத்தால் ஈடுகட்ட மாட்டோம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கைவிரித்துவிட்டன. வழக்குச் செலவுக்கு அவை அஞ்சின. மருந்தில் குற்றம் கண்டு பின்வாங்கவில்லை. ஆனால் சாதாரணக் குடும்பத்தலைவன் இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்தறிவான்? லாபம் ஒன்றையே பார்க்கும் கம்பெனியே தொடத் துணியாத ஊசியை என் பிள்ளைக்குப் போடுவதா என்று அவன் கேட்டான். கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

ஜூலைக் கடைசியில் ஃபிலடெல்ஃபியா நகரில், முன்னாள் படைவீரர் மாநாட்டுக்குச் சென்றவர்கள் இனந்தெரியாத நிமோனியாவால் சாய்ந்தனர். சுமார் முப்பது பேர் இறந்தனர். பன்றிக் காய்ச்சலோ என்று நாடே நடுங்கிற்று. இல்லை என்பது சில நாட்களில் தெளிவாயிற்று. வேறொரு புதிய கிருமியே காரணம் என்பதை 1977 ஜனவரியில் கண்டறிந்தனர். எனினும் அந்த நடுக்கம் அடங்குமுன், ஆகஸ்டு 12-ஆம் நாள், வழக்குப் பொறுப்பை அரசே ஏற்கும் சட்டம் நிறைவேறிவிட்டது. அம்மாத இறுதியில் வெளியான காலப் கருத்துக் கணிப்பில், திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் நூற்றுக்கு 93 பேர். ஊசி போட்டுக்கொள்ள எண்ணியவர்கள் 53 பேரே. செய்தி எட்டிவிட்டது, நம்பிக்கை கூடவே எட்டவில்லை.

அக்டோபர் 1-ஆம் நாள் ஊசி போடத் தொடங்கினர். 11-ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில், ஒரே நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்ட முதியவர் மூவர் இறந்த செய்தி வந்தது. மூவரும் இருதய நோயாளிகள்.

இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கோடிக்கணக்கான முதியவர்களை ஒரே காலத்தில் வரிசையில் நிறுத்தி, ஊசிக்குப் பதில் ஒரு குவளைத் தண்ணீரைக் கொடுத்தாலும், அடுத்த இரண்டு நாளில் அவர்களுள் பலர் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறக்கத்தான் செய்வர். வரிசையில் நில்லாவிட்டாலும் அத்தனை பேர் இறந்திருப்பர். நியூஹேவன் நகரச் சுகாதாரத் துறை மருத்துவர் ஒருவர், இவ்வாறு நேரும் என்றும், நேரும்போது மக்கள் ஊசியையே குற்றம் சொல்வர் என்றும் முன்கூட்டியே பத்திரிகைக்கு எழுதினார். அவ்வெச்சரிக்கையை அரசு எடுத்து ஊர்தோறும் விளக்கியிருந்தால் பிட்ஸ்பர்க் செய்தி அவ்வளவு பேரிடியாக இறங்கியிராது. இறங்கிற்று, பல மாநிலங்கள் திட்டத்தை நிறுத்தி வைத்தன. ஜனாதிபதி ஃபோர்டு தொலைக்காட்சிக் காமிராக்களின் முன் சட்டைக் கையைச் சுருட்டி ஊசி போட்டுக்கொண்டார். திட்டம் மீண்டும் ஊர்ந்தது.

கைகால் விழுந்தவர்கள்

நவம்பரில் வந்ததோ தற்செயல் அன்று. ஊசி போட்டுக்கொண்டோர் சிலருக்குக் கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் கண்டது. நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி வழிதவறி நம் நரம்புகளையே தாக்குவது இந்நோய். பாதத்தில் மரமரப்பாகத் தொடங்கி மேல்நோக்கி ஏறும். மூச்சுத் தசைகளை எட்டினால் உயிருக்கு ஆபத்து. பெரும்பாலோர் மாதக்கணக்கில் தேறுவர், சிலர் தேறுவதில்லை. 2025 தொடக்கத்தில் புனே நகரில் பலரைத் தாக்கியதும் இந்நோயே. அங்கே வயிற்றுப்போக்குக் கிருமி அதைத் தூண்டியது. ஊசிக்கு அதில் பங்கில்லை.

1976-இல் ஊசிக்குப் பங்கு இருந்தது. கணக்கெடுத்துப் பார்த்ததில், ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொரு லட்சம் பேரிலும் ஏறத்தாழ ஒருவருக்கு, வழக்கமான அளவுக்கு மேற்பட்டு, இந்நோய் வந்திருந்தது. நான்கு கோடிக்கும் அதிகமானோர் போட்டுக்கொண்டதால், லட்சத்தில் ஒருவர் என்பதும் சில நூறு குடும்பங்களாயிற்று. முப்பது பேரளவில் இறந்தனர். கொள்ளைநோய் வந்திருந்தால் இந்த இழப்பை நாடு ஒருவாறு பொறுத்திருக்கும். வராத காய்ச்சலுக்குக் கொடுத்த விலையாகப் போயிற்றே! டிசம்பர் 16-ஆம் நாள் திட்டம் நிறுத்தப்பட்டது. 1977-இல் சென்சர் பதவியிழந்தார். 1979-இல் ஒரு பெரிய தொலைக்காட்சி நிகழ்ச்சி, முடங்கிப்போனவர்களைக் காட்டி அரசைக் கடுமையாகச் சாடிற்று. அதன் துண்டுகள் இன்றும் கைக்குக் கை சுற்றி வருகின்றன. அந்த மகன் கைப்பேசியில் பார்த்தது அதுவாகவே இருக்கக்கூடும்.

2006-இல், தம் முதிய வயதில், சென்சர் ஓர் உடன்பணியாளரோடு சேர்ந்து இவற்றைத் திரும்பிப் பார்த்து எழுதினார். உயிர்கள் ஆபத்தில் இருக்கும்போது குறைவாகச் செய்து தவறுவதைவிட மிகுதியாகச் செய்து தவறுவதே மேல் என்னும் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. முடங்கிப்போனவரின் வீட்டில் உட்கார்ந்து அந்த வாதத்தைக் கேட்பது எளிதாயிராது. ஆயினும் மூன்றே ஆண்டுகளில் அவர் அஞ்சியது உண்மையிலேயே வந்தது.

2009-இல் மெக்ஸிகோவிலும் கலிஃபோர்னியாவிலும் புதிய பன்றிக் காய்ச்சல் தோன்றிற்று. ஜூன் மாதம் உலக சுகாதார நிறுவனம் அதை உலகக் கொள்ளைநோய் என அறிவித்தது. முதலாண்டில் ஒன்றரை லட்சம் முதல் ஐந்தே முக்கால் லட்சம் பேர் வரை இறந்திருப்பர் என்று பின்னர் மதிப்பிட்டனர். இறந்தோரில் பெரும்பாலோர் அறுபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர்கள் என்பது இதன் கொடுமை. ஆகஸ்டில் புனேயில் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அதுவே இந்தியாவில் முதல் சாவு. அந்த மாதம் நம் நாட்டில் முகக்கவசத்துக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வேடிக்கை என்னவெனில், அந்தக் கிருமி எங்கும் போய்விடவில்லை. ஆண்டுதோறும் வரும் சாதாரண ஃபுளூவாக இன்றும் நம்மோடு வாழ்கிறது. அதற்கு எதிரான மருந்தும் ஒவ்வோர் ஆண்டு ஊசியிலும் சேர்க்கப்படுகிறது. எனினும் மழைக்காலத்தில் செய்தித்தாள் "பன்றிக் காய்ச்சல்" என்று எழுதினால் ஊர் நடுங்குகிறது. மருத்துவர் "ஃபுளூ" என்று சொன்னால் அதே ஊர் சிரிக்கிறது. கிருமி ஒன்றுதான், பெயர்தான் இரண்டு.

அந்தத் தாய்க்குச் சொன்னது

மறு ஞாயிறு இவ்வளவையும் சுருக்கிச் சொன்னோம். மகனும் கேட்டுக்கொண்டிருந்தார். 1976-இல் நடந்தது மெய் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டதால், மற்றவற்றையும் அவர் காதுகொடுத்துக் கேட்டார் என்றே எண்ணுகிறோம். இக்காலத்து ஃபுளூ ஊசியால் அந்நரம்பு நோய் கூடுதலாக வருவது பத்து லட்சத்தில் ஒருவர் இருவர் அளவே என்று சொன்னோம். ஃபுளூக் காய்ச்சலாலேயே அந்நோய் வரும் வாய்ப்பு அதனினும் மிகுதி. முன்பு ஊசிக்குப் பின் அந்நோய் கண்டவர்கள் மட்டும் அதை மருத்துவரிடம் மறைக்கலாகாது.

"ஊசி போட்டால் காய்ச்சலே வராதா?" என்றார் தாய்.

வரலாம் என்றோம். கிருமி ஆண்டுக்காண்டு உருமாறுகிறது. ஆகையால் ஊசியையும் ஆண்டுக்காண்டு மாற்றுகிறார்கள். பொருத்தம் நன்றாக அமைந்த ஆண்டில் அது நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது பங்கு நோயைத் தடுக்கும். தப்பி வந்தாலும் மருத்துவமனை வரை இழுத்துச் செல்லாமல் பெரும்பாலும் தணிந்துவிடும். சாதாரண ஜலதோஷத்துக்கு அது அரணாகாது. தோளில் போடும் ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. ஆதலால் ஊசியே ஃபுளூவைத் தருவதில்லை. கை வலிக்கும், ஓரிரு நாள் மேல்காய்ச்சல் அடிக்கலாம். போட்ட இரண்டு வாரத்துக்குப் பின்னரே எதிர்ப்புச் சக்தி உருவாகும். தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழையோடு இக்காய்ச்சல் ஏறுவதால், புரட்டாசியிலேயே போட்டுக்கொள்வது நன்று. முதியோர், கர்ப்பிணிகள், இருதய நோய், சர்க்கரை வியாதி, ஆஸ்துமா உடையோர், நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியர் ஆகியோருக்கே இது முதலில் தேவை. பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகப் போடும் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது சேரவில்லை. பெரும்பாலும் காசு கொடுத்தே போட வேண்டியிருக்கிறது. ஏழைக் குடும்பத்துக்கு அது சுமை என்பதையும் மறைக்கவில்லை.

தாய் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "உன் அப்பா போனதும் இப்படியோர் அடைமழைக் காலத்தில்தான். ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தார். ஆறாம் நாள் நெஞ்சடைப்பு என்றார்கள். அந்த ஐந்து நாளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை."

அது ஃபுளூதானா என்று இன்று யாரும் சொல்ல முடியாது. அன்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. மகன் தலைகுனிந்து நின்றார்.

சென்ற வாரம் அவரே தாயை மருத்துவரிடம் அழைத்துச் சென்றாராம். இடக்கை இரண்டு நாள் வலித்ததாகத் தாய் நம்மிடம் முறையிட்டார். மகனுக்கு ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை வியாதியும் உண்டு. நீங்களும் போட்டுக்கொண்டீர்களா என்று கேட்டோம். "எனக்கெதற்கு? சளிக்காய்ச்சல்தானே!" என்றார்.